கடப்பாரையும் துடுப்பும்: ஒரு அமெச்சூரின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உக்காருங்க. நடுவுல தூக்கம் வந்தா கம்பெனி பொறுப்பாகாது.

எங்க ஆபீஸ் ஜிம்ல ஒரு மூலையில நீளமா ஒரு மெஷின் கிடக்கும். முன்னாடி மின்விசிறி கூண்டு மாதிரி ஒரு உருளை, அதுலேர்ந்து ஒரு சங்கிலி, சங்கிலி நுனியில கைப்பிடி, தண்டவாளத்துல ஓடுற மாதிரி ஒரு சீட். ரெண்டு வருஷமா நான் அதை வேர்த்த துண்டு காயப்போடத்தான் பயன்படுத்தியிருக்கேன். அதுக்குப் பேரு ரோயிங் மெஷின்னு தெரியும். தண்ணியில படகு வலிக்கிற வேலையைத் தரையில உக்காந்து செய்யுற சமாச்சாரம். திடீர்னு ஒரு நாள் மெயில் வந்துச்சு. உள்ளரங்கத் துடுப்புப் போட்டி, 2000 மீட்டர், விருப்பமுள்ளவங்க பேர் குடுக்கலாம்.

பொட்டி தட்டித் தட்டி முதுகு வளைஞ்சு போச்சே, போய்த்தான் பாப்போமேன்னு படிவத்தைத் திறந்தேன். பேர், வயசு, எடை எல்லாம் போட்டாச்சு. கடைசியில ஒரு கட்டம். "பிரிவு: அமெச்சூர் / தேர்ந்த வீரர்." யோசிக்கவே இல்லை, அமெச்சூர்ல ஒரு டிக். அன்னைக்கு ராத்திரி சும்மா இருக்காம, இந்த அமெச்சூர்ங்கற வார்த்தை படகுப் போட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு தேடப் போனேன். அங்கதான் வினையே ஆரம்பிச்சது.

தரையில படகு ஓட்டின முன்னோர்கள்

அதுக்கு முன்னாடி மெஷினோட கதையைச் சொல்லிடறேன். தண்ணியில்லாம துடுப்புப் போடறது ஏதோ ஏசி ஜிம் காலத்துக் கண்டுபிடிப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். இல்லவே இல்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல ஏதென்ஸ்ல சாப்ரியாஸ்னு ஒரு கடற்படைத் தளபதி. புது ஆளுங்களுக்குத் துடுப்புப் போடக் கத்துக்குடுக்கணும். கரையிலேயே மரச்சட்டங்களை அடிச்சு, அதுல வரிசையா உக்கார வச்சுப் பழக்கினார்னு ஒரு குறிப்பு இருக்கு.

அடுத்தது ரோமானியர்கள். கி.மு. 260 வாக்குல கார்த்தேஜோட கடல்ல மோத வேண்டிய கட்டாயம். கப்பல் கட்டவும் தெரியாது, ஓட்டவும் தெரியாது. கப்பல் கட்டி முடியற வரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு, கப்பல்ல இருக்கற அதே வரிசையில கரையில பெஞ்சு போட்டு ஆட்களை உக்கார வச்சு, நடுவுல ஒருத்தர் தாளம் சொல்ல, எல்லாரும் ஒண்ணா முன்னாடி சாய்ஞ்சு பின்னாடி இழுத்துப் பழகினாங்கன்னு பாலிபியஸ் எழுதி வச்சிருக்கார். இன்னைய தேதிக்கு ஜிம்ல நடக்கறதும் இதேதான். தாளம் சொல்றவருக்குப் பதிலா இரைச்சலா ஒரு பாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்க ஒண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. ஏதென்ஸ் கப்பல்ல 170 பேர் துடுப்புப் போடுவாங்க. சினிமாவுல காட்டற மாதிரி சங்கிலியில கட்டின அடிமைங்க இல்லை அவங்க. பெரும்பாலும் சொத்து இல்லாத சாதாரணக் குடிமக்கள். கூலி வாங்கிட்டு வேலை செஞ்சவங்க. துடுப்பு ஆரம்பத்துலேர்ந்தே கூலிக்காரன் கையில இருந்த பொருள்.

யாருப்பா அமெச்சூர்?

இப்ப லண்டனுக்கு வருவோம். தேம்ஸ் ஆத்துல பாலங்கள் குறைவா இருந்த காலத்துல, இப்ப நமக்கு ஷேர் ஆட்டோ மாதிரி அவங்களுக்குப் படகு. அதை ஓட்டின தொழிலாளிகளுக்காக 1715-ல ஆரம்பிச்ச 'டாகெட்ஸ் கோட் அண்ட் பேட்ஜ்' பந்தயம் இன்னைக்கும் நடக்குது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதின முதல் போட்டி 1829-ல. ஹென்லி பந்தயம் 1839-ல. கனவான்கள் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே கூலிக்குப் படகு ஓட்டினவங்க பந்தயம் விட்டுட்டு இருந்தாங்கன்னு அர்த்தம்.

கனவான்களுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. தினமும் துடுப்புப் போடறவனோட மோதினா தோத்துப் போவோமே! அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஹென்லி நிர்வாகம் 1879-ல அமெச்சூர்னா யாருன்னு விதி எழுதுச்சு. பணத்துக்காகப் பந்தயம் விட்டவன் அமெச்சூர் இல்லை. சரி, நியாயம். படகு சம்பந்தமான தொழில் செய்யறவன் இல்லை. அதுவும் ஓரளவுக்குப் புரியுது. ஆனா அதோட நிக்கலை. கூலிக்கு வேலை செய்யற மெக்கானிக், கைவினைத் தொழிலாளி, உடல் உழைப்புத் தொழிலாளி யாரும் அமெச்சூர் கிடையாது. இப்ப செய்யறவன் மட்டும் இல்லை, எப்பவாச்சும் செஞ்சிருந்தாலும் கிடையாது.

திரும்பப் படிச்சுப் பாருங்க. அவன் வாழ்க்கையில படகையே பாத்திருக்க வேணாம். செங்கல் அடுக்கியிருந்தாப் போதும், செருப்புத் தைச்சிருந்தாப் போதும், ஆட்டத்துலேர்ந்து அவுட். 1882-ல உருவான அமெச்சூர் துடுப்புச் சங்கமும் இதே மாதிரி விதியைத்தான் வச்சுக்கிச்சு. உடம்பால உழைக்கிறவனுக்கு உடம்பு வலு கூடுதலா இருக்குமாம், அது மத்தவங்களுக்கு அநியாயமாம். இதுதான் அவங்க சொன்ன நியாயம். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னே தெரியலை.

எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு அடித்தளம் போட்டவங்கள்ல ஒருத்தரான ஃபர்னிவால் இதை எதிர்த்து நின்னார். தொழிலாளிகளையும் சேத்துக்கற தேசிய அமெச்சூர் துடுப்புச் சங்கம் 1890-ல வந்ததுல அவருக்குப் பங்கு உண்டு. வார்த்தைகளுக்கு அர்த்தம் தேடறதையே வேலையா வச்சிருந்த மனுஷன், ஒரு வார்த்தையோட அர்த்தத்துக்காகச் சண்டை போட்டிருக்கார் பாருங்க!

1920-ல அமெரிக்காவிலேர்ந்து ஜாக் கெல்லி ஹென்லிக்கு விண்ணப்பிச்சார். கொத்தனார் வேலை செஞ்சவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுச்சு. அவரோட சங்கத்து மேல இருந்த பழைய தடையும் ஒரு காரணம்னாலும், கொத்தனார் விஷயம்தான் உலகம் பூரா பேச்சாச்சு. அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ல ஒத்தைப் படகுப் போட்டியில பிரிட்டனோட பெரெஸ்ஃபோர்டைத் தோக்கடிச்சுத் தங்கம் வாங்கினார் கெல்லி. இதுக்கு மேல என்ன பதில் வேணும்? அவர் மகன் 1947-ல அதே ஹென்லியில டயமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை ஜெயிச்சார். (மகள் யாருன்னு கேக்கறீங்களா? நடிகை கிரேஸ் கெல்லி. அது தனிக் கதை.)

1936-ல பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போற வழியில ஆஸ்திரேலிய எட்டுபேர் அணி ஹென்லிக்கு வந்துச்சு. எல்லாரும் போலீஸ்காரங்க. அவங்களும் அமெச்சூர் இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் நாறிப் போய், 1937-ல அந்த உடல் உழைப்பு விதியைத் தூக்கினாங்க. ரெண்டு சங்கங்களும் ஒண்ணாச் சேர 1956 ஆச்சு.

அடையாறும் கடற்கரையும்

நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸ் போட் கிளப் 1867-ல ஆரம்பிச்சது. கொழும்பு ரோயிங் கிளப் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1864. ரெண்டுக்கும் நடுவுல மெட்ராஸ் - கொழும்பு பந்தயம் 1898-ல தொடங்குச்சு. உலகப் போர், உள்நாட்டுப் போர்னு தடைகள் வந்தாலும் அந்த மரபு அறுந்து போகலை. அடையாத்துல காலையில போய்ப் பாத்தீங்கன்னா இப்பவும் ஒல்லியான படகுங்க சத்தமில்லாம வழுக்கிட்டுப் போகும். பாக்க அவ்வளவு அழகு.

போட் கிளப் ஐரோப்பியர்களோட சங்கமாத்தான் பிறந்துச்சு. அதே 1867-ல, அங்கேர்ந்து சில மைல் தள்ளி, கடற்கரையில இன்னொரு துடுப்பு நடந்துட்டு இருந்துச்சு. மெட்ராஸ்ல அப்ப துறைமுகம் கிடையாது. 1861-ல போட்ட ஒரு இரும்புத் தூண் பாலம்தான் உண்டு. துறைமுக வேலையே 1870-கள்லதான் ஆரம்பம். அதுவரைக்கும் கப்பல் தூரத்துல நிக்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலா படகுங்க. ஆணியே இல்லாம பலகைகளைக் கயிறால தைச்சுச் செஞ்சது. அலை தூக்கி அடிச்சா வளைஞ்சு குடுக்கும், உடையாது. அதை ஓட்டினவங்க நம்ம மீனவர்கள். கவர்னராவே இருந்தாலும் கடைசி அலையைத் தாண்ட அவங்க தயவு வேணும்.

இப்ப ஹென்லி விதியை இங்க பொருத்திப் பாருங்க. உலகத்துலேயே மோசமான அலைகள்ல ஒண்ணுக்குள்ள தினமும் துடுப்புப் போட்டவன் பந்தயத்துக்குத் தகுதி இல்லாதவன். அவன் படகுல உக்காந்து கரைக்கு வந்தவன்தான் தகுதி உள்ளவன்!

பொய் சொல்லாத மெஷின்

நான் உக்காந்த மெஷினோட வம்சாவளி 1981-ல ஆரம்பிக்குது. அமெரிக்காவுல வெர்மான்ட்ல டிக், பீட் ட்ரைசிகாக்கர்னு அண்ணன் தம்பி. டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்ல படகு வலிச்சவர். 1976-லேர்ந்து கான்செப்ட்2-ங்கற பேர்ல துடுப்பு செஞ்சு வித்துட்டு இருந்தாங்க. குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சிரும், பயிற்சிக்கு என்ன செய்யறது? ஒரு சைக்கிள் சக்கரத்துல பிளாஸ்டிக் இறக்கைகளை மாட்டி, சங்கிலியால இழுத்துச் சுத்த விட்டாங்க. காத்துதான் எதிர்ப்பு. அதுதான் முதல் மாடல்.

இதுல நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவுல சக்கரம் எவ்வளவு வேகமா மெதுவாகுதுன்னு அளந்து, அதை வச்சு அந்த நேரத்துக் காத்து எதிர்ப்பை மானிட்டர் தானே கணக்குப் போட்டுக்கும். தூசி அடைச்சிருந்தாலும், உயரமான ஊரா இருந்தாலும், கணக்கு சரியா வந்துரும். அதனால பாஸ்டன்ல ஒருத்தன் இழுத்த 2000 மீட்டரையும் சென்னையில நான் இழுத்த 2000 மீட்டரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடலாம்.

சூத்திரமும் எளிமைதான். ஒரு மீட்டருக்கு எத்தனை நொடின்னு எடுத்து, அதை மும்மடங்கு பெருக்கி (அதாவது கன அளவு), 2.8-ஐ அதால வகுத்தா வாட்ஸ் வரும். 2000 மீட்டரை 8 நிமிஷத்துல முடிக்க சராசரியா 203 வாட்ஸ். 7 நிமிஷத்துல முடிக்க 302 வாட்ஸ். நேரம் எட்டுல ஒரு பங்குதான் குறையுது, ஆனா உழைப்பு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஏறுது. கன அளவு கழுத்தறுக்கறதுன்னா இதுதான். 2018-ல ஆஸ்திரேலியாவோட ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 5 நிமிஷம் 35.8 நொடியில முடிச்சார். மனுஷனா அவரு?

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணிச்சதால போட்டியில்லாம நின்ன துடுப்பு வீரர்கள் சிலர், பாஸ்டன்ல இந்த மெஷின்களை வரிசையா வச்சுக் குளிர்காலப் பந்தயம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. க்ராஷ்-பி-ன்னு பேரு. விளையாட்டா ஆரம்பிச்சது, பின்னாடி உலகப் போட்டியாவே ஆயிடுச்சு. 2018-ல சர்வதேச துடுப்புச் சம்மேளனமே அதிகாரபூர்வ உலக உள்ளரங்கப் போட்டியை அலெக்சாண்ட்ரியா நகரத்துல நடத்துச்சு. கொரோனா காலத்துல, 2021-ல, அவங்கவங்க வீட்டுலேயே மெஷினை இணையத்துல இணைச்சுப் பந்தயம் விட்டாங்க.

க்ராஷ்-பி-யில ஜெயிச்சவங்களுக்கு என்ன பரிசு தெரியுமா? கோப்பை இல்லை. ஒரு சுத்தியல்! ஹென்லி 1879-ல எவனை வெளிய தள்ளுச்சோ, அவன் கையில இருந்த ஆயுதம்.

கிணறு வெட்டினவர் மகன்

தத்து போகனல் ஞாபகம் இருக்கா? மகாராஷ்டிராவுல நாசிக் மாவட்டத்துல தலேகாவ் ரோஹின்னு ஒரு வறட்சி கிராமம். அப்பா கிணறு வெட்டற தொழிலாளி. பையனும் கூட வேலைக்குப் போனவர். 2012-ல ராணுவத்துல சேர்ந்து, புனே பக்கம் கிர்க்கியில இருக்கற படைப்பிரிவுலதான் துடுப்பையே முதல்ல தொட்டார். நாலு வருஷத்துல 2016 ரியோ ஒலிம்பிக், ஒத்தைப் படகுல 13-வது இடம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில நாலுபேர் அணியில தங்கம். தண்ணிக்காகப் பாறையை உடைச்ச குடும்பத்துலேர்ந்து வந்தவர் தண்ணி மேல தங்கம் வாங்கினார்.

இதைப் படிச்சுட்டு நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். ஏன்னா, எங்க தாத்தாவும் கிணறு வெட்டினவர்.

கணியம்பாடி தெரியும்ல? வேலூர்லேர்ந்து திருவண்ணாமலை போற ரோட்டுல வரும். பின்னாடி ஜவ்வாது மலை. மலையிலேர்ந்து நாகநதி இறங்கி வரும், வந்தா. நான் சின்னப் பையனா இருந்தப்ப அது மணல்தான். கிணறுங்க ஆழமாகிட்டே போச்சு. ஒவ்வொரு கோடைக்கும் தாத்தா செட்டுக்கு வேலை இருக்கும். கீழ ரெண்டு பேர் கடப்பாரையோட, மேல ரெண்டு பேர் கயிறோட. கூடையில கல்லும் மண்ணும் ரொம்புனதும் உருளையில ஓடற கயித்தை இழுக்கணும். அப்பா ராணிப்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில ஃபிட்டர். நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷ லீவுல, கைச்செலவுக்காக 12 நாள் கிணத்துல தூர் வாரிக் கூலி வாங்கியிருக்கேன்.

ஆக, ஹென்லி கணக்குப்படி தாத்தா அவுட், அப்பா அவுட், நானும் அவுட். படிவத்துல நான் போட்ட டிக் பொய்.

ஒண்ணை இங்க ஒத்துக்கணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல கேன்டீன்ல யாரோ உங்க தாத்தா என்ன பண்ணினார்னு கேட்டப்ப, "விவசாயம்"னு சொல்லிட்டேன். ஒரு சென்ட் நிலம் கிடையாது எங்களுக்கு. கேட்டவங்க எந்தக் கெட்ட எண்ணத்தோடயும் கேக்கலை. யாரும் என்னை வெளிய தள்ளவும் இல்லை. 1937-ல தூக்கிப் போட்ட விதியை நானே எடுத்து எனக்குப் போட்டுக்கிட்டேன், வேறென்ன சொல்ல.

8 நிமிஷம் 23.6 நொடி

போட்டி அன்னைக்கு ஆறு மெஷினை வாடகைக்கு எடுத்து வரிசையா வச்சு, வயர்ல இணைச்சு, பெரிய திரையில ஆறு குட்டிப் படகு ஓட விட்டிருந்தாங்க. எட்டு நிமிஷத்துல முடிக்கறதா என் திட்டம். விசில் அடிச்சதும் திட்டம் காத்துல போச்சு. முதல் 500 மீட்டர்ல ஏழு நிமிஷ வேகத்துல இழுத்துட்டேன். என் படகு ரெண்டாவதா போகுது, எல்லாரும் கத்தறாங்க, நானே ஜாக் கெல்லின்னு ஒரு நினைப்பு. 800 மீட்டர்ல கன அளவு வந்து கழுத்தைப் பிடிச்சது. தொடை எரியுது, மூச்சு விசில் அடிக்குது, திரையில என் படகு பின்னாடி பின்னாடி போகுது. முடிச்சப்ப 8:23.6. ஆறு பேர்ல அஞ்சாவது. இறங்கித் தரையிலேயே படுத்துட்டேன்.

அந்த வார இறுதியில ஊருக்குப் போனப்ப ஃப்ரெண்டு எடுத்த வீடியோவை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை பாத்தார்.

"இன்னாடா இது, கையால இஸ்த்துகினு கிடக்கிற. கால ஊனு மொதல்ல. முதுவு அப்பாலதான் சாயணும். கையி கடைசீல. ஒங்க தாத்தா அப்டித்தான் கவுறு இழுப்பாரு."

ஆடிப் போயிட்டேன். கால், முதுகு, கை. எந்தத் துடுப்புப் பயிற்சியாளரும் முதல் நாள் சொல்லித்தர்ற வரிசை அது. சாப்ரியாஸ் கரையில மரச்சட்டம் அடிச்சுப் பழக்கினதை, எங்க தாத்தா கிணத்து மேட்டுல தினமும் செஞ்சிருக்கார்.

சும்மா இருப்பேனா? கணக்குப் போட்டேன். 8:23.6-ன்னா சராசரி 175 வாட்ஸ். மொத்தம் சுமார் 88 கிலோ ஜூல். 40 அடி கிணத்துலேர்ந்து 30 கிலோ கூடையை ஒரு தடவை தூக்க மூணரை கிலோ ஜூல். நான் நாக்குத் தள்ளி இழுத்தது மொத்தம் 25 கூடை. பெருமையா அப்பாகிட்ட சொன்னேன்.

"இருவத்தஞ்சி கூடையா? அது காலைல டீ வர்றதுக்கு முன்னாடிடா."

பக்கத்துல உக்காந்து வெத்திலை இடிச்சுக்கிட்டிருந்த ஆயா தலையைத் தூக்காமலே, "மேல ஒண்ணும் வர்லியே, எதுக்கு இழுத்தான் இவன்?"னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை எனக்கு.

சாயங்காலம் நாகநதிப் பக்கம் நடந்துட்டு வந்தேன். 2014-லேர்ந்து எங்க ஒன்றியத்துல நூறு நாள் வேலைத் திட்டத்துல பெண்கள் ஆத்துப் படுகையில நீர் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினாங்க. மழைத்தண்ணி ஓடிப் போகாம உள்ள இறங்கறதுக்காக வெட்டின கிணறுங்க. எங்க தெரு அத்தைங்க ரெண்டு மூணு பேர் அதுல கூடை சுமந்தவங்க. அவங்களும் ஹென்லிக்குப் போக முடியாதவங்கதான், ஆனா அவங்க வேலைக்கு மேல தண்ணி வந்துச்சு.

அடுத்த வருஷமும் பேர் குடுக்கப் போறேன். அந்தக் கட்டத்துல அமெச்சூர்னு தான் டிக் போடுவேன், ஃபர்னிவால் சொன்ன அர்த்தத்துல. கேன்டீன்ல அதே ஆள்கிட்ட, தாத்தா கிணறு வெட்டினவர்னு போன வாரம் சொல்லிட்டேன். "அப்படியா, எத்தனை அடி வரைக்கும் வெட்டுவார்?"னு ஆர்வமா கேட்டார். அரை மணி நேரம் பேசிட்டு இருந்தோம், டீ ஆறிப் போச்சு.

டிஸ்கி: முதல் 500 மீட்டர்ல ஹீரோ ஆகாதீங்க. காலை ஊனுங்க. மத்ததெல்லாம் தானா வரும்.